ஐம்பது பாக ஆழத்துக் கடிகாரம்

தமிழகக் கடற்கரையில் மீனவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு பாகம். ஆங்கில மாலுமிகளின் ‘ஃபேதம்’ என்ற ஆறடி அளவும் ஏறக்குறைய இதுதான். 1953இல் சுவிட்சர்லாந்தின் ப்ளான்பேன் நிறுவனம் டைவர்களுக்கென்று ஒரு கைக்கடிகாரம் செய்து, அதற்கு ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ என்று பெயரிட்டது. ஐம்பது பாகம் என்றால் சுமார் 91 மீட்டர். காற்று உருளையோடு மனிதர் இறங்கக்கூடிய எல்லை அதுதான் என்று அப்போது கருதினார்கள்.

நிறுவனத்தை நடத்திவந்த ழான்-ழாக் ஃபிஷ்டரே ஒரு டைவர். தென் பிரான்ஸ் கடலில் ஒருமுறை நேரம் போனது தெரியாமல் ஆழத்தில் இருந்துவிட்டார்; உருளையில் காற்று தீர்ந்துபோனது. உயிர் பிழைத்து மேலே வந்தவர், நீருக்கடியில் நேரம் காட்டும் கருவியை யோசிக்கத் தொடங்கினார். அதே சமயம் பிரெஞ்சுக் கடற்படையின் புதிய டைவர் படைக்காக பாப் மலூபியே, க்ளோட் ரிஃபோ என்ற இரு அதிகாரிகளும் அப்படியொரு கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் பெரிய எண்கள், சுழலும் வெளிவளையம் ஆகியவை அவர்களுக்குத் தேவைப்பட்டன.

அந்த வளையம்தான் டைவரின் உயிர். நீரில் இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராக நிறுத்த வேண்டும். பிறகு முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, நீருக்கடியில் அத்தனை நிமிடம் கழிந்துவிட்டது என்று பொருள். கை பட்டுத் தவறிச் சுழன்றால் கணக்கே கெட்டுவிடும். அதனால் அழுத்தினால் மட்டுமே திரும்பும்படி அதை அமைத்தார் ஃபிஷ்டர்.

ரோலெக்ஸின் சப்மரீனர் 1954இல் பாசல் கண்காட்சிக்கு வந்தது. 1957இல் ஒமேகாவும் 1965இல் ஜப்பானின் செய்கோவும் தங்கள் டைவர் கடிகாரங்களைக் கொண்டுவந்தன.

இவை அலமாரியில் அழகு பார்க்கச் செய்தவை அல்ல. உப்புநீரிலும் பாறையிலும் அடிபட்டுத் தேய்ந்தவை. அமெரிக்கக் கடற்படைக்குப் போனவற்றின் கதை இன்னும் கொடியது. அங்கே உள்நாட்டுப் பொருளுக்கே முன்னுரிமை என்று சட்டம் இருந்ததால், நியூயார்க் இறக்குமதியாளர் ஆலன் டோர்னெக் வழியாக ப்ளான்பேன் கடிகாரங்கள் ‘டோர்னெக்-ரேவில்’ என்ற பெயரில் போயின. டயலில் கதிரியக்கப் பூச்சு. பின்மூடியில் அபாய எச்சரிக்கை. பணி முடிந்து திரும்பியவற்றில் பெரும்பாலானவை கதிரியக்கக் கழிவாக அழிக்கப்பட்டன. அதனால்தான் தப்பிய ஒன்றிரண்டு ஏலத்துக்கு வரும்போது சேகரிப்பாளர்கள் இத்தனை தவிக்கிறார்கள்.

கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு அவர்கள் தேடுவது பளபளப்பை அல்ல. கேஸின் ஓரங்கள் மெருகேற்றப்பட்டு மழுங்கியிருந்தால் விலை இறங்கும். வெயிலில் கறுப்பு டயல் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறியிருந்தால் விலை ஏறும். பழைய ஃபிஃப்டி ஃபேதம்ஸின் பேக்கலைட் வளையம் எளிதில் உடையும். வெடிப்பில்லாமல் அசலாகக் கிடைத்தால் கொண்டாட்டம்தான். புதுப் பூச்சு தடவிய எண்களையோ உடனே ஒதுக்கிவிடுவார்கள்.

பழைய கடிகார எண்களில் பூசிய ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அதன் கதிர்பட்டு ஒளிர வேண்டிய துத்தநாக சல்ஃபைடோ சில பத்தாண்டுகளிலேயே செயலிழந்துவிடும். ஒளி போனாலும் கதிர்வீச்சு நீடிப்பதால், விவரமறிந்தவர்கள் அந்தக் கடிகாரங்களை வீட்டில் திறப்பதில்லை. விளக்கை அணைத்தால் டயல் முழு இருட்டு; பக்கத்தில் கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியை வைத்தால் அது இன்றும் படபடவென்று சத்தமிடுகிறது.