கடனும் கட்டளையும்: நாட்டுப்பற்று ஒரு சமய அறமா?

நாட்டுப்பற்று அறங்களுள் ஒன்றா என்ற கேள்வியை 1984இல் கன்சாஸ் பல்கலைக்கழகச் சொற்பொழிவொன்றில் மெய்யியலாளர் அலஸ்டேர் மக்கின்டயர் எழுப்பினார். எல்லா மனிதரையும் ஒரே தராசில் நிறுக்கும் அறநெறியும், என் மண் என் மக்கள் என்று தொடங்கும் பற்றும் எளிதில் ஒன்றுசேரா என்பது அவர் வாதம். சமூகப் பிணைப்பிலிருந்தே ஒழுக்கம் பிறக்கிறது என்று கொள்வோர்க்கு நாட்டுப்பற்று முதன்மையான அறம்தான்; ஆனால் அது ஒழுக்க ஆபத்தின் நிலையான ஊற்று என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். சமயத்தின் பக்கமிருந்து இதே கேள்வி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது. அப்போது கிடைத்த விடை மக்கின்டயருடையதைவிடத் துல்லியமானது என்பதும், அதைக் கையில் வைத்திருந்தவர்களே தேவைப்பட்ட வேளையில் கைவிட்டார்கள் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஆய்வைக் கத்தோலிக்க மரபோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாமஸ் அக்குவினாஸ் தம் 'சும்மா தியோலொஜியே' நூலின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 101ஆம் வினாவில், பியெத்தாஸ் என்னும் அறத்தை ஆராய்கிறார். நாம் உலகில் இருப்பதற்கும் வழிநடத்தப்படுவதற்கும் முதற்காரணம் இறைவன். அவருக்கு அடுத்த நிலையில் பெற்றோரும் நாடும். எனவே இறைவனுக்குரியதைச் செலுத்துவது சமயம். பெற்றோர்க்கும் நாட்டுக்கும் உரியதைச் செலுத்துவது பியெத்தாஸ். இரண்டையும் அவர் நீதி என்னும் பேரறத்தின் கிளைகளாகவே வைக்கிறார். இந்த இடவைப்பு முக்கியமானது. நாட்டுப்பற்று இங்கே உணர்ச்சியாகவோ பெருமிதமாகவோ எண்ணப்படவில்லை; பெற்றதற்குத் திருப்பித் தரும் கடனாக எண்ணப்படுகிறது. நாட்டுக்குச் செலுத்தும் மதிப்பில் சக குடிமக்கள் அனைவரும் நாட்டின் நண்பர்களும் அடங்குவர் என்கிறார் அக்குவினாஸ். அரசனின் பெயர் அந்த வரையறையில் வரவில்லை.

அதே வினாவின் நான்காம் கூற்று இன்னும் கூர்மையானது. பெற்றோர் கடனும் இறைவன் கடனும் மோதினால் எதை விடுவது? மோதவே மாட்டா என்பது அவர் விடை. ஓர் அறம் இன்னோர் அறத்துக்குப் பகையாக முடியாது. பெற்றோர்க்குச் செய்யும் பணி இறைவனிடமிருந்து நம்மை விலக்குமானால், அது பியெத்தாஸின் செயலாகவே இல்லாமற்போகிறது. தமிழில் நாம் வழக்கமாகச் சொல்வது, நாட்டுப்பற்று நல்லது, ஆனால் மனச்சாட்சி அதைவிடப் பெரிது என்பதாகும். அக்குவினாஸ் அப்படிச் சொல்லவில்லை. தீமையைக் கோரும் நாட்டுப்பற்று தோற்றுப்போன அறமன்று. அது அறத்தின் பட்டியலிலேயே இல்லை. மக்கின்டயர் கண்ட ஆபத்துக்கு இது நேரான விடை.

விடை சரி, நடைமுறையில் அந்தக் கோட்டை யார் கிழிப்பது? இங்கேதான் மரபு தடுமாறுகிறது. அநீதியான அரசனின் கீழ்ப் போரிடும் வீரன்கூடக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததால் குற்றமற்றவனாக இருக்கலாம் என்று அகுஸ்தீன் மனிக்கேய ஃபாவுஸ்துவுக்கு எதிரான நூலில் எழுதியிருந்தார். 1539இல் சலமன்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதற்கு எல்லை வகுத்தார். போரின் காரணங்களைச் சாதாரணக் குடிமகன் ஆராய வேண்டிய கட்டாயமில்லை. ஐயம் இருந்தால் அவன் அரசனைப் பின்பற்றலாம். ஆனால் போர் அநீதியானது என்று ஒருவன் உறுதியாக நம்பினால், அரசனே ஆணையிட்டாலும் அவன் போகக்கூடாது. அநீதியின் அடையாளங்கள் வெளிப்படையாக இருக்குமானால் அறியாமை என்ற சாக்கும் செல்லாது. ஐயத்துக்கு ஒரு விதி, உறுதிக்கு வேறொரு விதி.

இந்த வேறுபாட்டைச் சோதிக்க ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டரின் வழக்கைவிடத் தெளிவான சான்று அரிது. 1907இல் மேல் ஆஸ்திரியாவின் சங்க்ட் ராடெகுண்ட் சிற்றூரில் பிறந்த விவசாயி. ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தவர். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது, ஏப்ரல் 10ஆம் நாள் பொதுவாக்கெடுப்பில் இணைப்பை ஆதரிக்கும்படி ஆயர்களே அறிக்கை விட்டனர். சங்க்ட் ராடெகுண்டில் எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு அவருடையது. இனத்தையும் அரசையும் உயர்த்தி வழிபடுவது சிலைவழிபாடு என்று கண்டித்த திருத்தந்தை பதினொன்றாம் பயஸின் சுற்றுமடல், 1937 குருத்து ஞாயிறன்று ஜெர்மானியக் கோயில்களில் வாசிக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது.

படைக்கு அழைத்தால் என்ன செய்வது என்று யேகர்ஷ்டெட்டர் லின்ஸ் ஆயர் யோசப் ஃப்ளீசரிடம் கேட்டார். குடும்பத்தை நினைத்துப்பார், போரின் நியாயம் உன் பொறுப்பன்று என்ற பொருளில் ஆயர் அறிவுரை தந்தார். அகுஸ்தீனின் வரி அவருக்குத் துணையாக இருந்தது. ஆகவே அவரைக் கோழை என்று ஒதுக்குவது எளிது, நியாயமன்று. ஆனால் அவர் தந்தது ஐயமுற்றவனுக்கான விதி. எதிரே இருந்தவரிடம் ஐயம் இல்லை. வித்தோரியாவின் இரண்டாம் விதியைத் திறக்க வேண்டிய இடத்தில் ஆயர் முதல் விதியைத் திறந்தார்.

1943 மார்ச்சில் என்ஸ் படைமுகாமில் யேகர்ஷ்டெட்டர் ஆயுதம் ஏந்த மறுத்தார். காயம்பட்டோரைப் பேணும் மருத்துவப் பணியாளராக வரத் தயார் என்றும் தெரிவித்தார். இந்த இரண்டாவது செய்தியை வரலாற்றாசிரியர்கள் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். என் வாசிப்பில் வழக்கின் மையம் அதுதான். சக குடிமக்களுக்குச் செலுத்த வேண்டிய கடனை அவர் மறுக்கவில்லை. கொலைக் கட்டளையை மட்டும் மறுத்தார். அக்குவினாஸின் வரையறைப்படி, அந்த முகாமில் நாட்டுப்பற்று என்ற அறத்தைக் கடைப்பிடித்தவர் அவரே. பேரரசின் படை நீதிமன்றம் ஜூலை 6ஆம் நாள் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் அவர் தலை வெட்டப்பட்டது. போருக்குப் பிறகும் ஃப்ளீசர் மாறவில்லை. கடமையென்று எண்ணிப் போரிட்டு மடிந்த கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்று கருதினார்.

இப்படித் தனிமனிதர் ஒவ்வொருவரும் தீர்ப்பளித்தால் நாடு நிற்குமா என்ற எதிர்வாதம் வலுவானதே. இந்திய உச்ச நீதிமன்றம் இதைச் சிறிய அளவில் சந்தித்தது. நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் 1985இல் கேரளப் பள்ளியொன்றிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் பிஜோ இம்மானுவேல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த நீக்கத்தைச் செல்லாதென்றார். அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. உண்மையாகக் கொண்டதா என்றே பார்த்தது. குடியரசு அதனால் தளரவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் யேகர்ஷ்டெட்டரின் செயலை எடுத்துச் சொன்னவர் முன்னாள் பம்பாய்ப் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். 1965இல் வெளியான சங்கக் கொள்கைத் திரட்டு, குறுகிய மனமற்ற நாட்டுப்பற்றை வளர்க்கச் சொல்கிறது. மனச்சாட்சியால் ஆயுதம் மறுப்போர்க்குச் சட்டம் இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2007 அக்டோபர் 26 அன்று, ஆஸ்திரியாவின் தேசிய நாளில், லின்ஸ் பேராலயத்தில் யேகர்ஷ்டெட்டர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

தமிழகப் பங்குகளில் ஆகஸ்ட் 15 அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவாகவும் விடுதலை நாளாகவும் சேர்ந்தே வருகிறது. அன்றைய மறையுரைகளில் நாட்டுக்குப் பணியாற்றுவது நன்றிக்கடன் என்ற திருச்சபை மறைக்கல்வியின் 2239ஆம் எண் தவறாமல் இடம்பெறத் தக்கதே. ஒழுக்க நெறிக்கு மாறான அரசாணைக்குக் கீழ்ப்படியாமை குடிமகனின் மனச்சாட்சிக் கடமை என்று சொல்லும் 2242ஆம் எண் அதிலிருந்து மூன்றே எண்கள் தள்ளி இருக்கிறது. மறையுரையாளர்கள் அதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.