நாடற்ற சிறுவனும் நாடு விட்ட வயலினும்: ஒஸ்லோவில் சந்தித்த இசை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

நோர்வே, சுவீடன் என்றால் ஊவாவில் இருக்கும் நமக்குச் சில விடயங்கள்தான் உடனே நினைவுக்கு வரும். 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்த உடன்படிக்கையில் நடுவில் நின்ற நோர்வே. மொனராகலையில் நோராட் உதவியோடு நடந்த கிராமிய அபிவிருத்தித் திட்டம். எமது தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் கிடைக்க உதவிய சுவீடனின் சீடா நிறுவனம். அந்த நாடுகளின் இசையைப் பற்றி நாம் பேசியதில்லை. ஆனால் அந்த இசையின் வரலாற்றில் இலங்கையிலிருந்து போன ஒரு வயலின் இருக்கிறது. பதுளைத் தோட்டங்களின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒரு சிறுவனின் கதையும் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

முதலில் ஒரு சிறு விளக்கம். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ரொக் குழுக்கள் மூன்று நிமிடக் காதல் பாட்டுகளோடு நிற்காமல், இருபது நிமிடம் ஓடும் நீண்ட இசைகளை உருவாக்கத் தொடங்கின. மேற்கத்திய சாஸ்திரிய இசை, ஜாஸ், நாட்டார் இசை எல்லாவற்றையும் மின்சார கிற்றாரோடு கலந்தார்கள். இதைத்தான் முற்போக்கு ரொக் என்கிறார்கள். அந்த அலை வடக்கே ஸ்கண்டிநேவிய நாடுகளுக்கும் போனது.

சுவீடனில் அது ஒரு மக்கள் இயக்கமாகவே மாறியது. 1970இல் ஸ்டொக்ஹோம் நகரின் யார்டெட் திடலில் இசைஞர்கள் தாங்களே கூடி இலவச இசை விழா நடத்தினார்கள். பெரிய கம்பனிகளை நம்பாமல் சொந்த இசைத்தட்டு நிறுவனங்களைத் தொடங்கினார்கள். நாட்டின் மிக உயர்ந்த மலையின் பெயரான கெப்னெகைசே என்பதையே ஒரு குழு தன் பெயராக வைத்துக்கொண்டு, கிராமத்து வயலின் மெட்டுக்களை மின்சார கிற்றாரில் வாசித்தது. 1974இல் அப்பா குழு யூரோவிஷன் போட்டியில் வென்றதால் 1975 போட்டி ஸ்டொக்ஹோமுக்கு வந்தது. இசை வெறும் வியாபாரமாகிறது என்று சொல்லி இந்த இயக்கத்தினர் அதே நேரத்தில் ஒரு மாற்று விழாவை நடத்தினார்கள். அடுத்த ஆண்டு சுவீடன் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை.

நோர்வேயில் ஜூனிஃபர் கிரீன் என்ற குழு 1971இல் வெளியிட்ட 'ஃபிரெண்ட்ஷிப்' என்ற இரட்டை இசைத்தட்டை அந்நாட்டு முற்போக்கு ரொக்கின் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே ரொக்குக்கும் ஜாஸுக்கும் இடையில் பெரிய மதில் இருக்கவில்லை. டெர்யே ரிப்டால் என்ற கிற்றார் கலைஞர் இளவயதில் ரொக் குழுக்களில் வாசித்தவர். பிறகு ஜாஸ் பக்கம் வந்து, இரண்டையும் கலந்து தனக்கென்று ஒரு பாணியை உருவாக்கினார். அவரோடு சேர்ந்து வாசித்த சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பாரெக். 1970இல் ஒஸ்லோவில் இவர்கள் பதிவுசெய்த 'ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்' என்ற இசைத்தட்டு ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இந்த யான் கார்பாரெக்தான் நாம் சொல்ல வந்த சிறுவன்.

அவர் 1947 மார்ச் மாதம் நோர்வேயில் பிறந்தார். தாய் நோர்வே நாட்டு விவசாயக் குடும்பத்துப் பெண். தந்தை போலந்து நாட்டவர். இரண்டாம் உலக யுத்தத்தில் கைதியாகப் பிடிபட்டு நோர்வேக்குக் கொண்டுவரப்பட்டவர். அந்த மண்ணிலேயே பிறந்தும், தாய் அந்நாட்டுப் பெண்ணாக இருந்தும், கார்பாரெக்குக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை. ஏழு வயதுவரை அவர் நாடற்றவர்.

'நாடற்றவர்' என்ற சொல்லை ஊவாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1947 பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரசின் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மலையகத்திலிருந்து அப்படிப் போனவர்கள் ஏழு பேர். அடுத்த ஆண்டே, 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. கார்பாரெக்குக்கு ஒரு வயது முடிந்த ஆண்டில்தான் எமது தோட்டங்களில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். அவர் ஏழு வயதில் பிரஜையானார். இங்கே 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அவர்களை ஏற்றிப் போன கோச்சிக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை என்ற சட்டம் வந்தது 2003இல். அங்கே ஏழு ஆண்டு, இங்கே 55 ஆண்டு.

இனி வயலினின் கதை.

1950களில் யாழ்ப்பாணத்தில் வி. லட்சுமிநாராயணா என்ற வித்துவான் இசை கற்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் வயலின் கலைஞர்கள். இளையவர் சங்கர் 1950இல் பிறந்தவர். ஏழு வயதில் நல்லூர்க் கோயிலில் முதற் கச்சேரி செய்தார். அடுத்த ஆண்டு, 1958இல், இனக்கலவரம் வெடித்தது. அந்தக் குடும்பம் வயலின்களோடு நாட்டை விட்டு மதராஸ் போய்ச் சேர்ந்தது.

பிறகு சங்கர் அமெரிக்கா சென்று இசையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே ஜோன் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேயக் கிற்றார் கலைஞரைச் சந்தித்தார். 1970களின் நடுவில் இவர்கள் இருவரும் தபேலா மேதை ஸாகிர் ஹுசைன், கடம் வித்துவான் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கியதுதான் உலகப் புகழ்பெற்ற 'சக்தி' குழு. சங்கர் அதோடு நிற்கவில்லை. பத்துத் தந்திகளும் இரண்டு கழுத்துகளும் கொண்ட மின்சார வயலின் ஒன்றை வடிவமைத்துச் செய்வித்தார். வயலின் முதல் டபுள் பேஸ் வரையிலான சுரங்களை அந்த ஒரே கருவியில் வாசிக்கலாம்.

அந்த வயலினோடு அவர் 1983இல் ஒஸ்லோ போனார். கார்பாரெக் சாக்ஸபோன், டென்மார்க்கின் பாலெ மிக்கெல்போர்க் ட்ரம்பெட், சங்கர் வயலின். மூன்றே பேர். 'விஷன்' என்ற இசைத்தட்டு பிறந்தது. 1984இல் மறுபடியும் ஒஸ்லோ. இம்முறை ஸாகிர் ஹுசைனும் திரிலோக் குர்ட்டுவும் தாளத்துக்கு வந்தார்கள். அது 'சோங் ஃபோர் எவ்ரிவன்' என்ற பெயரில் வெளிவந்தது. அதில் தபேலாவுக்குப் பக்கத்தில் மின்சார டிரம் மெஷினும் ஒலிக்கிறது. சங்கர் வாசிப்பது கர்நாடக இசையில் ஊறிய வயலின். கார்பாரெக் ஊதுவது பனிமலைக் காற்று போன்ற ஒலி. யாரும் யாரையும் போல வாசிக்க முயலவில்லை. கலவரத்தால் நாடு விட்ட ஒருவரும் நாடற்றுப் பிறந்த ஒருவரும் சந்தித்த இடம் அது.

நம்மவர்கள் கவனிக்க இன்னொன்று. பாகிஸ்தானின் பாட்டியாலா கரானா மேதை உஸ்தாத் ஃபதே அலி கானோடு கார்பாரெக் 'ராகாஸ் அண்ட் சாகாஸ்' செய்தார். தூனிசியாவின் ஊத் கலைஞர் அனுவர் பிராஹிமோடு 'மதார்' செய்தார். அது 1994இல் வெளிவந்தது. இசை மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்கு நாம் இங்கே வரவில்லை. அது உலமாக்களுக்குரியது. நாம் பேசுவது வரலாறு.

இந்த நோர்வேக்காரர்களுக்குத் தம் சொந்த நாட்டார் பாடல்களின் அருமை எப்படித் தெரிந்தது? அமெரிக்காவிலிருந்து வந்த ட்ரம்பெட் கலைஞர் டொன் செரிதான், உங்கள் நாட்டார் பாடகர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இவர்களைத் தூண்டினார். வீட்டுக்குள் இருந்ததை வெளியிலிருந்து வந்தவர் காட்டிக் கொடுத்தார். பிறகு கார்பாரெக் பழைய நோர்வே கதைப்பாடல்களை எடுத்தார். வடக்கில் வாழும் சாமி மக்களின் 'யொய்க்' பாடல்களையும் எடுத்தார்.

சாமி மக்களின் கதையைத் தோட்டப்புற ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கலைமான் மேய்த்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த ஆதிக்குடிகள். மிஷனரிகள் அவர்களுடைய யொய்க் பாட்டைப் பாவம் என்றார்கள். மேளங்களைப் பறித்து எரித்தார்கள். 1898இல் வந்த அரசாணை பள்ளிக்கூடத்தில் சாமி மொழிப் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆக, அந்த மக்களின் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்கியதில் பள்ளிக்கூடத்துக்கும் ஆசிரியருக்கும் பெரிய பங்கு இருந்தது. பிள்ளைகள் தம் பெற்றோரின் மொழியைப் பேச வெட்கப்படும் நிலை வந்தது.

1979இல் அல்தா ஆற்றில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து சாமி இளைஞர்கள் ஒஸ்லோ பாராளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1980இல் நோர்வே யூரோவிஷனுக்கு அனுப்பிய பாட்டு அந்தப் போராட்டத்தைப் பற்றியது. அதில் சாமி பாடகர் மாட்டிஸ் ஹெட்டா யொய்க் பாடினார். போட்டியில் 16ஆம் இடம்தான். ஆனால் பாவம் என்று சொல்லப்பட்ட குரல் அன்று ஐரோப்பாவின் பல கோடி வீடுகளில் கேட்டது. அணையைத் தடுக்க முடியவில்லை. இருந்தும் 1989இல் சாமி மக்களுக்கென்று ஒரு பாராளுமன்றம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மாரி பொய்னே என்ற சாமிப் பெண் 'குலா குலா' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். யொய்க்கைப் பாவமாகக் கருதிய குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். அந்த மரபையே ரொக்கோடும் ஜாஸோடும் சேர்த்தார். அடுத்த ஆண்டு கார்பாரெக் தன் இசைத்தட்டின் முதல் பாட்டாக அதே 'குலா குலா'வை வைத்தார்.

இப்போது எமது பக்கம் திரும்புவோம்.

விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பிய ஒலி தப்பு. மாசி மாதம் காமன் கூத்தில் ரதி, மன்மதனோடு ஆடிய ஒலியும் அதுதான். பொன்னர் சங்கருக்கும் அருச்சுனன் தபசுக்கும் லயத்து மக்கள் இராப் பகலாய் விழித்திருந்தார்கள். கொழுந்து மலையில் பாடிய பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும் இருந்தன. 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியிராவிட்டால் பல பாடல்கள் மண்ணோடு போயிருக்கும்.

இன்று எமது பிள்ளைகளிடம் கீபோர்ட் இருக்கிறது. கிற்றார் இருக்கிறது. கையிலுள்ள போனிலேயே இசை செய்கிறார்கள். திறமைக்குக் குறைவே இல்லை. ஆனால் மேடையில் ஒலிப்பது பெரும்பாலும் சென்னையில் யாரோ செய்த சினிமாப் பாட்டு. தப்பைத் தொடத் தயங்குகிறார்கள். அது சாவு வீட்டு மேளம், அது 'அவர்கள்' அடிப்பது என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த சாதி வெட்கம் அதற்குள் இருக்கிறது. சாமி மக்களிடம் பாட்டைப் பாவம் என்று சொல்லிப் பறித்தார்கள். நம்மிடம் அசிங்கம் என்று சொல்லிப் பறிக்கிறோம். வித்தியாசம், இங்கே பறிப்பவர்களும் நாமே.

முஸ்லிம்களாகிய நாமும் விலக்கில்லை. றபான் தட்டிப் பாடிய பெரியம்மாமாரும், தாயிரா தட்டி பைத் சொல்லி வந்த பக்கீர் பாவாமாரும் எமது ஊர்களின் வரலாறுதான். அடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயர்களாவது தெரியுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்த்தினப் போட்டி வரும்போது மட்டும் நாட்டார் பாடலைத் தேடாமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டு வரச் சொல்வோம். போனில் பதிவு செய்வோம். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், திகதி எழுதி வைப்போம். பாடசாலை இசைக்குழுவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் தப்பையும் வைப்போம். அதை எந்தப் பிள்ளையும் அடிக்கலாம் என்று ஆக்குவோம். இதற்கு டொன் செரி போல ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல பக்கம் இருப்பவர்களே, உங்கள் வீட்டில் இப்போதும் பாடத் தெரிந்த பெரியவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், வந்து கேட்போம்.