பாட்டில் கொண்டுபோன காலம்

2025 சித்திரை அமாவாசை அன்று நம்ம ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். அமாவாசை என்றால் தன்வந்திரி சன்னதியில் கூட்டம் எப்படி இருக்கும் என்று தாடிக்கொம்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அபிஷேகம் முடிந்து லேகியமும் தைலமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா லேகியத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கம்பவுண்டரா இருந்தவர்தானே? ஒரு சந்தேகம். நான் சாப்பிடுற சர்க்கரை மாத்திரை ஒண்ணு அறுபது ரூபாய்க்கு வாங்கிட்டிருந்தேன். இப்போ அதே மருந்து பத்து ரூபாயாம். போலி மாத்திரையா இருக்குமோ?"

போலி இல்லைம்மா, காப்புரிமை முடிந்துவிட்டது என்றேன். அவருக்கு அது புரியவில்லை. வரிசையும் நகர்ந்துவிட்டது. அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே காலி பாட்டில் கொண்டுபோவார்கள். பாட்டில் இல்லை என்றால் மருந்து கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் காலி பாட்டில் விற்றுப் பிழைத்தவர்கள்கூட உண்டு. கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து மிக்சரை ஊற்றி, ஒரு காகிதத் துண்டை மடித்துப் பல் பல்லாகக் கத்தரித்து பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் அளவு ஒரு வேளைக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் காகிதம் புரியும். அதைவிட எளிமையான மருந்துச் சீட்டை என் 35 வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

வயிற்று உப்புசத்துக்கு கார்மினேட்டிவ் மிக்சர், சோகைக்கு டீ டிகாஷன் நிறத்தில் இரும்பு மிக்சர், இருமலுக்கு ஒரு மிக்சர், காய்ச்சலுக்கு ஒரு மிக்சர். படர்தாமரைக்கு விட்ஃபீல்டு களிம்பு, சிரங்குக்கு கந்தகக் களிம்பு, வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து. தலைவலி, உடம்புவலி எல்லாவற்றுக்கும் ஏ.பி.சி. மாத்திரை. ஆஸ்பிரின், ஃபெனாசெட்டின், காஃபின் மூன்றும் சேர்ந்தது. அதில் இருந்த ஃபெனாசெட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்து 1983ல் அதைத் தடை செய்தார்கள். அதற்கு முன் நான் எத்தனை ஆயிரம் மாத்திரைகளைக் கையால் எண்ணிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஜனங்கள் பயந்த நோய்கள் வேறு. அம்மை, வாந்திபேதி, குளிர்க்காய்ச்சல், சயரோகம். அம்மைக்கு மாரியம்மனும் வேப்பிலையும். கூடவே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தயாரான அம்மைப்பால். நம் வயதுக்காரர்கள் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். நாட்டின் கடைசி பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். மலேரியாவும் டி.டி.டி. தெளிப்பால் 1965 வாக்கில் நாடு முழுவதும் ஒரு லட்சம் பேர் அளவுக்குக் குறைந்தது. ஒழிந்தது என்று அசந்திருந்தோம். 1976ல் 64 லட்சமாகத் திரும்பி வந்தது.

சயரோகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எலும்புருக்கி நோய் என்பார்கள். வந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். மருந்தே இல்லாத நாளில் சானடோரியம் ஒன்றுதான் வழி. நல்ல காற்று, முட்டை, பால், ஓய்வு. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928ல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரயில் நிலையத்தில் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் பிற்பாடு மதுரைக்கு அந்தப்புறம் தோப்பூர் ஆஸ்டின்பட்டிக்குப் போனார்கள். ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சில ஆயிரம் படுக்கைகள் எந்த மூலைக்கு?

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், 'பாஸ்', 1952ல் ஐசோனியசிட் என்று மருந்துகள் வந்தன. அப்போது எழுந்த கேள்வி இதுதான்: மருந்து இருக்கும்போது படுக்கை எதற்கு? இதற்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னை. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கினார்கள். மத்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமை. 193 ஏழை நோயாளிகளை எடுத்து, குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் ஒரு வருஷம், நல்ல சாப்பாட்டோடு. மீதிப் பேருக்கு அதே மாத்திரை, ஆனால் அவரவர் வீட்டில். நெருக்கடியான ஒற்றை அறை, அரை வயிற்றுச் சாப்பாடு, சிலருக்கு வேலையும் உண்டு.

முடிவு 1959ல் வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களை மூடியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைக் குடிசைவாசிகள் சொன்ன சாட்சியை நம்பி ஐரோப்பாவே மாறியது என்று சொன்னால் மிகையில்லை. நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இது இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த வாத்தியார்களைக் கேட்டேன். சிரித்தார்கள்.

ஆனால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நிபந்தனை உண்டு. மருந்து தடையில்லாமல் கிடைக்க வேண்டும். சேத்துப்பட்டில் அது கிடைத்தது. கிராமத்தில்?

1979ல் நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். எந்த ஊர் என்று வேண்டாம். தோல் ஷாப்பில் வேலை செய்த ஒருவர், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், காசநோய்க்கு மாத்திரை வாங்க வருவார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி முடிந்து, ஐசோனியசிட் தயாசெட்டசோன் மாத்திரை மட்டும் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட வேண்டும். இருமல் நின்று உடம்பு தேறி வந்தது. ஒரு நாள் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. மருந்து கேட்டு இண்டெண்ட் அனுப்பியிருந்தோம், வரவில்லை. "அடுத்த வாரம் வாங்கண்ணே" என்றேன். வந்தார். இல்லை. அதற்கு அடுத்த வாரமும் வந்தார், இல்லை. ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலியும் பஸ் காசும் போயிற்று. மூன்றாவது தடவை, "பரவாயில்லீங்க சார், உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று அவரே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. நானும் ஆள் அனுப்பித் தேடவில்லை. மறு வருஷம் அவர் மனைவி இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காய்ச்சலுக்கு வந்தபோது கழுத்தில் தாலி இல்லை.

மருந்து ஏன் வரவில்லை? என் தாலுகாவில் மட்டும் நடந்ததில்லை இது. வருஷத்துக்கு ஒரு முறை கேட்டு எழுதுவது, எழுதியதில் பாதி வருவது, கேட்காதது மூட்டை மூட்டையாக வருவது, காலாவதி ஆகி எரிப்பது. மாத்திரைகள் ஆயிரம் கொண்ட டின்னில் வரும். மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதை மாற்றியது 1994 ஜூலையில் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1995 ஜனவரியில் வேலை தொடங்கியது. எந்தக் கட்சி ஆட்சியில் வந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை, வேலை செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன். முதலில், தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள், கம்பெனிப் பெயரில் அல்ல, மருந்தின் மூலப் பெயரில். மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே டெண்டர். மாவட்டக் கிடங்குகளும், அவற்றில் கணினி இருப்புக் கணக்கும் வந்தன. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக் கொடுத்து, இவ்வளவு ரூபாய்க்கு உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கொள் என்றார்கள். மருந்து மாதிரிகள் பரிசோதனைக்குப் போகும்போது கம்பெனிப் பெயரை மறைத்து அனுப்பினார்கள், யாருடைய சரக்கு என்று லேபுக்கே தெரியாது. டின் போய் அட்டை வந்தது. அட்டையில் தமிழ்நாடு அரசின் பெயர் அச்சாகியிருந்ததால் வெளியே விற்கவும் முடியாது. பின்னாளில் கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்து இதே மாதிரி கழகம் வைத்துக்கொண்டன. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன், சில மாதங்களில் சில மருந்து இல்லாமல் இருக்கும். ஆனால் டின் காலத்தில் வேலை பார்த்தவனுக்கு வித்தியாசம் தெரியும்.

காசநோய்க்கு 2000ஐ ஒட்டி இன்னொரு நல்ல ஏற்பாடு வந்தது. ஒரு நோயாளிக்கு ஆறு மாதத்துக்கும் வேண்டிய முழு மருந்தையும் ஒரே பெட்டியில் போட்டு, சிகிச்சை தொடங்கும் முன்பே அவர் பெயரை எழுதி ஒதுக்கிவிட வேண்டும். புது நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி, மறுபடி நோய் வந்தவருக்கு நீலப் பெட்டி. ஸ்டாக் தீர்ந்தாலும் அந்தப் பெட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. முதல் சிவப்புப் பெட்டியில் பெயர் எழுதிய அன்று தோல் ஷாப்காரரைத்தான் நினைத்தேன். இப்போது முறை மாறி, 2017லிருந்து தினசரி மாத்திரை.

இனி அந்த அம்மாவின் மாத்திரைக்கு வருவோம். சுதந்திரம் வந்த புதிதில் நமக்கு மருந்து விற்றதெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகள்தான். 1911ம் வருஷத்து வெள்ளைக்காரன் காப்புரிமைச் சட்டம் அப்படியே இருந்தது. 1955ல் பூனா பக்கம் பிம்ப்ரியில் அரசே பென்சிலின் தயாரிக்க ஆரம்பித்தது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. அமெரிக்க செனட்டில் கெஃபாவர் கமிட்டி விசாரித்தபோது, உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் ஒன்று இந்தியா என்று சொன்னது. அந்தச் சமயத்தில் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து 1959ல் அறிக்கை கொடுத்தவர் நம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். உணவுக்கும் மருந்துக்கும் பொருளின் மேல் காப்புரிமை கொடுக்காதே, தயாரிக்கும் முறைக்கு மட்டும் கொடு என்பது அவர் வாதம். அது சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 1972 ஏப்ரலில். அதே மருந்தை வேறு வழியில் செய்தால் குற்றமில்லை என்று ஆனது. ஊர் ஊராக நம் கம்பெனிகள் கிளம்பின.

இதன் பலனை உலகம் 2001ல் பார்த்தது. எய்ட்ஸ் மருந்துக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிய நாளில், பம்பாய் சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. நம் கரூர் ரோட்டில் லாரி ஓட்டிய எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் ஒவ்வொருவராகப் போனதை நாம் பார்த்திருக்கிறோம். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக அந்த மருந்தைக் கொடுக்க ஆரம்பித்தபோது தொடக்கத்திலேயே சேர்ந்த இடங்களில் ஒன்று அதே தாம்பரம் சானடோரியம்.

2005ல் உலக வர்த்தக ஒப்பந்தப்படி சட்டத்தை மறுபடி மாற்றினோம். பொருளின் மேல் 20 வருஷக் காப்புரிமை திரும்பியது. அதனால் புதிதாக வரும் சர்க்கரை மாத்திரைகள் ஒரே கம்பெனியிடம் இருந்து, அந்தக் கம்பெனி சொல்லும் விலையில்தான் வந்தன. 20 வருஷம் முடிந்த மறுநாள் பல கம்பெனிகள் அதே மருந்தைப் போடுகின்றன. வில்டாகிளிப்டினுக்கு 2019 டிசம்பரில் இது நடந்தது. அந்த அம்மாவின் எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில். அறுபது ரூபாய் மாத்திரை பத்துக்கும் கீழே வந்த கதை இதுதான். மருந்து மாறவில்லை, போட்டி வந்தது.

இப்போது பத்து கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று மருத்துவக் கவுன்சிலின் 2023 ஆய்வு சொல்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இன்சுலின் கேட்டு மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். இன்று தெரு முனைக்கு ஒரு மெடிக்கல், உள்ளே பாதி அலமாரி சர்க்கரையும் பிரஷரும். மிக்சர் காலத்து நோய் ஒரு வாரத்தில் தீரும் அல்லது ஆளைத் தீர்க்கும். இது அப்படியில்லை, சாகிற வரை மாத்திரை. அதனால்தான் விலை ஐந்து ரூபாய் ஏறினாலும் குடும்பத்துக்குத் தெரிகிறது.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மா மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், பழைய அட்டையில் இருக்கிற மூலப் பெயரும் மில்லிகிராமும் புதிதிலும் இருக்கிறதா பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன். இன்று போட்டீர்களா என்று கேட்டேன். புது அட்டையை வாங்கி வைத்துவிட்டு, போலி என்று பயந்து பதினொரு நாளாகப் போடவில்லை என்றார். சர்க்கரை பார்த்தீர்களா என்றதற்குத் தலையை ஆட்டினார், இல்லை என்று. அன்று சாயங்காலமே அவர் மகனுக்கு போன் போட்டேன்.