பகிர்நிலை மேலாண்மையின் வரலாறு: கிராமக் கணக்கு முதல் வழங்கிவழி இணையப் பக்கம் வரை – வானூர் வட்ட நில ஆவணங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பலர் காண்பதும் பலரால் மாற்றப்படுவதுமான ஒரே தரவைப் பிழையின்றிப் பேணுதல் இணையச் செயலியியலில் பகிர்நிலை மேலாண்மை எனப்படுகிறது. வழங்கியிலேயே பக்கத்தை உருவாக்கி உலாவிக்கு அனுப்பும் செயலிகளில் இச்சிக்கல் 1990களில் தோன்றியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழகத்து நிலவருவாய் நிருவாகம் இதே சிக்கலைக் கணினிக்கு முன்பே எதிர்கொண்டது என்பதை விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இருவேறு மரபுகளும் 'யார் எழுதுவது, எப்போது எழுதுவது, எந்த முந்தைய நிலையின்மேல் எழுதுவது' என்னும் மூன்று வினாக்களுக்கு அளித்த விடைகள் ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பகிர்நிலை, வழங்கி, அமர்வு, பட்டா, சிட்டா, வருவாய்த் தீர்வாயம், வானூர்.

முன்னுரை

வானூர் வட்டம் முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. இவ்வட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லின் பெரும்பகுதியும் இவ்வட்டத்திலேயே உள்ளது. ஆகவே நிலம் கைமாறுவதும், மனைகளாகப் பிரிவதும், அதன் ஆவணங்கள் பலரால் நாடப்படுவதும் இங்கு இயல்பானவை. ஒரு புல எண்ணுக்குரிய பதிவை உழவர், வாங்குவோர், வங்கியாளர், கிராம நிருவாக அலுவலர், நில அளவர், வட்டாட்சியர், சார்பதிவாளர் எனப் பலர் காண்கின்றனர்; அவர்களுள் சிலர் மாற்றவும் செய்கின்றனர். எனவே, பகிர்நிலை என்னும் கருத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

ஒற்றை எழுத்தர் முறை

இரயத்துவாரி முறையில் அரசுக்கும் உழவருக்கும் இடையிலான உறவு கிராமக் கணக்குகளில் பதிந்திருந்தது. 'அ' பதிவேடு, புல எண் வாரியாக நிலத்தின் வகைப்பாட்டையும் தீர்வையையும் காட்டிற்று. இரண்டாம் எண் கணக்காகிய அடங்கல் சாகுபடியைக் காட்டிற்று. பத்தாம் எண் கணக்காகிய சிட்டா பட்டாதாரர் வாரியான உடைமையைத் தொகுத்துக் காட்டிற்று. ஒரே செய்தி பல பதிவேடுகளில் இடம்பெற்றபோதிலும், அவற்றை எழுதியவர் பெரும்பாலும் கர்ணம் ஒருவரே. எழுதுகோல் ஒருவர் கையில் இருந்ததால், இருவர் ஒரே வேளையில் திருத்தி ஒருவர் திருத்தம் மற்றவர் திருத்தத்தை அழிக்கும் வாய்ப்பு குறைந்தது.

எனினும் அந்த ஒருவர் தவறினால் அதைக் கண்டறிவது எவ்வாறு? அதற்கெனவே ஆண்டுதோறும் வருவாய்த் தீர்வாயம் எனப்படும் ஜமாபந்தி நடைபெற்றது, இன்றும் நடைபெறுகிறது. சூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, கிராமக் கணக்குகள் வட்ட அலுவலகத்தில் தணிக்கை செய்யப்பட்டன. கணினியியல் சொல்லால் கூறுவதாயின், இது பிரிந்து கிடக்கும் படிகளைக் குறித்த காலத்தில் ஒத்திசையச் செய்யும் ஏற்பாடாகும். இடைப்பட்ட மாதங்களில் படிகள் முரண்படலாம் என்பதை அம்முறை ஏற்றுக்கொண்டது.

1980 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தாலும், அதைத் தொடர்ந்து 1981இல் இயற்றப்பட்ட சட்டத்தாலும் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரை வழியாகத் தொடர்ந்துவந்த கர்ணம் முறை முடிவுற்றுக் கிராம நிருவாக அலுவலர் முறை வந்தது. கணக்கு ஒரு குடும்பத்தின் நினைவிலிருந்து விடுபட்டு, அலுவலகத்தின் உடைமையாயிற்று. தரவு அதைக் கையாளும் ஆளைச் சாராதிருத்தல் என்னும் கோட்பாடு நிருவாகத்தில் நிலைபெற்ற தருணமாக இதனைக் கொள்ளலாம்.

நினைவற்ற நெறிமுறையும் அதன் விளைவும்

1990களின் தொடக்கத்தில் உருவான எச்டிடிபி நெறிமுறை ஒவ்வொரு வேண்டுகோளையும் தனித்தனியே கருதியது. ஒருமுறை விடையளித்த வழங்கி, மறுமுறை அதே பயனர் வரும்போது அவரை அறியாது. 1993இல் அறிமுகமான சிஜிஐ முறையில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு நிரல் தொடங்கி, விடை தந்து, முடிந்துபோயிற்று. அதன் நினைவகமும் உடன் அழிந்தது. பயனரை அடையாளம் காண 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி குக்கியை உருவாக்கினார். பின்னர் உலாவியில் ஓர் அடையாள எண்ணை மட்டும் வைத்து, உரிய தரவை வழங்கியில் பேணும் அமர்வு முறை பரவிற்று. 2000 மே மாதம் வெளிவந்த பிஎச்பி 4 இம்முறையைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது.

தமிழக அரசின் இணையதளத்தில் பெறப்படும் சிட்டா நகலில் ஒரு குறிப்பு எண் உள்ளது. அவ்வெண்ணை அதே தளத்தில் உள்ளிட்டு நகலின் மெய்ம்மையைச் சரிபார்க்கலாம். தாள் கையில் இருந்தாலும் அதற்கு வலுவளிப்பது வழங்கியில் உள்ள பதிவே. அமர்வு முறையின் கருத்தும் இதுவே: பயனரிடம் இருப்பது திறவுகோல், பொருள் இருப்பது வழங்கியில்.

பகிரக் கூடாததைப் பகிர்தல்

சிஜிஐ முறையில் ஒருவர் தரவு மற்றவர் பக்கத்தில் கசிய வாய்ப்பு மிகக் குறைவு. வேண்டுகோள் முடிந்ததும் நினைவகம் அழிந்தது. 1997இல் வெளிவந்த ஜாவா சர்வ்லெட்டும் 2009இல் வெளிவந்த நோட்.ஜேஎஸ்ஸும் இந்நிலையை மாற்றின. இவற்றில் ஒரே செயன்முறை நெடுநேரம் இயங்கி ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களுக்கு விடையளிக்கிறது. விரைவு கூடிற்று, ஆனால், பொது மாறியொன்றில் ஒரு பயனரின் பெயரை எழுதிவைத்தால் அடுத்த பயனரின் பக்கத்தில் அது தோன்றக்கூடும். முதல் விண்ணப்பதாரரின் தாளை மேசையிலிருந்து எடுக்காமலேயே அடுத்தவரின் மனுவை எழுதத் தொடங்கிய எழுத்தரின் நிலை இது. நிரலாளர் பின்பற்றும் தீர்வு எளியது: பயனருக்குரியவை ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாக உருவாக்கப்பட வேண்டும், அனைவருக்கும் பொதுவானவை மட்டுமே பொது இடத்தில் இருக்க வேண்டும்.

பகிர வேண்டியதைப் பகிராமை

மற்றொரு பிழை இதற்கு நேர்மாறானது. வழங்கி உருவாக்கிய பக்கம் அந்நொடியின் படி மட்டுமே. திரையை அடையும்போதே அது பழையதாகியிருக்கலாம். இரு அலுவலர் ஒரே பதிவைத் திறந்து, ஒருவர் பெயரையும் மற்றவர் பரப்பையும் திருத்திச் சேமிப்பதாகக் கொள்வோம். முழுப் பதிவும் மீண்டும் எழுதப்படுமாயின் பின்னவர் திருத்தம் முன்னவர் திருத்தத்தை அழித்துவிடும். இதற்கு எழுதும்வரை பதிவைப் பூட்டிவைத்தல் ஒரு வழி. படித்தபோது இருந்த பதிப்பு இன்னும் மாறாதிருந்தால் மட்டுமே எழுத அனுமதித்தல் மற்றொரு வழி. இரண்டாம் வழியைக் குங், இராபின்சன் ஆகியோர் 1981இல் கோட்பாடாக வகுத்தனர். 1997 சனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 வரையறை, இடேக் என்னும் பதிப்புக் குறியின்மூலம் அதனை இணையத்துக்குக் கொணர்ந்தது.

நில ஆவணத்தில் இச்சிக்கல் ஒரே தரவுத்தளத்துக்குள் மட்டும் நிகழ்வதன்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி கிரய ஆவணம் சார்பதிவாளரிடம் பதிவாகிறது. பட்டா வருவாய்த் துறையில் மாறுகிறது. முன்னது நிகழ்ந்து பின்னது நிகழாத இடைவெளியில், விற்றவர் பெயரே சிட்டாவில் நீடிக்கிறது. பதிவுத் துறையில் 2000இல் ஸ்டார் திட்டமும், 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 திட்டமும் வந்தன. வருவாய்த் துறையில் 'தமிழ்நிலம்' மென்பொருள் வந்தது. இவ்விரண்டும் இணைக்கப்பட்டபின், உட்பிரிவு தேவைப்படாத நேர்வுகளில் இடைவெளி சுருங்கியது. உட்பிரிவு தேவைப்படும் நேர்வுகளிலோ நில அளவர் களத்தில் அளந்தாக வேண்டும். வானூர் போன்று மனைப்பிரிவு மிகுந்த எல்லைப்புற வட்டங்களில் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது.

ஒத்திசைவும் உண்மையும்

1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. மக்கள் வழக்கில் அது யுடிஆர் எனப்படும். பழைய பதிவுகள் திருத்தப்பட்டு, ஏக்கர்க் கணக்கு எக்டேர்க் கணக்காயிற்று. அப்போது நேர்ந்த பெயர்ப்பிழைகளும் பரப்புப்பிழைகளும் பிற்காலக் கணினிப் பதிவுக்குள்ளும் புகுந்தன. இன்றும் 'யுடிஆர் பிழை' திருத்தக் கோரும் மனுக்கள் வருவாய் அலுவலகங்களுக்கு வருகின்றன. பூட்டும் பதிப்பெண்ணும் தரவை முரணின்றி வைத்திருக்கும். தவறாகப் புகுந்த பெயரையும் அவை அதே நேர்த்தியுடன் காத்து நிற்கும். பிழையுற்ற பதிவு முன்பு ஊர்க் கணக்கில் மட்டும் இருந்தது. இப்போது வங்கிக் கடன் முதல் வாரிசுப் பிரிவினை வரை ஒரே கணத்தில் சென்று சேர்கிறது.

முடிவுரை

கிராமக் கணக்கு முறை எழுதுவோரை ஒருவராக்கி, ஆண்டுக்கொருமுறை ஒத்திசைத்தது. வழங்கிவழி இணையச் செயலி எழுதுவோரைப் பலராக்கி, ஒவ்வோர் எழுத்திலும் ஒத்திசைக்க முயல்கிறது. முன்னதன் குறை காலத்தாழ்ச்சியும் தனியாள் ஆதிக்கமும். பின்னதன் குறை பிழையின் விரைவுப் பரவல். ஜமாபந்தியில் உழவர் தம் கணக்கைக் கேட்டு மறுப்புரைக்க ஒரு நாளும் இடமும் இருந்தன. படிப்பதற்கு இன்று எந்நேரமும் வழியுண்டு. மறுப்பதற்கு உள்ள வழி அத்துணை எளிதன்று. எனவே, நில ஆவணச் செயலிகளை மதிப்பிடுவோர் பதிவு முரண்படாமையை மட்டுமன்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எந்த முந்தைய நிலையின்மேல் செய்தார் என்பதை உடைமையாளரே கண்டு வினவ வழியுள்ளதா என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.