நேரடி நெல் கொள்முதல் நிலையம்

1972-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், உழவரிடம் அரசு விலைக்கு நெல் வாங்கும் இடமே நேரடி நெல் கொள்முதல் நிலையம். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு ஒன்றிய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 156 சேர்த்து 2,545 ரூபாய்.

விலையைவிட டெல்டா உழவரை வருத்துவது ஈரப்பதம். வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. குறுவை அறுவடையோ ஐப்பசி அடைமழையில் சிக்கும். தார்ப்பாய் போர்த்திய குவியலிலேயே நெல் முளைவிடும். வெயிலே இல்லாத நாளில் காய்ந்த நெல்லைக் கேட்பது கொடுமை. வரம்பைத் தளர்த்த ஒன்றிய அரசு இசைய வேண்டும். மத்தியக் குழு மாதிரி எடுத்துப் போய் ஆணை வருவதற்குள், கடன் நெருக்கும் சிறு உழவர் வியாபாரியிடம் குறைந்த விலைக்கு மூட்டைகளை ஏற்றிவிட நேர்கிறது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோருக்கு, நிலையத்தில் நெல் விற்கத் தேவையான அடங்கல் சான்று பெறுவதும் பெரும்பாடு.