ஒரு கார்டு, பல நெறிமுறைகள்

1990-களின் தொடக்கத்தில், ஓர் அலுவலகக் கணினி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று நெட்வொர்க் நெறிமுறைகளை ஒரே சமயத்தில் சுமக்க வேண்டியிருந்தது. கோப்புகளும் பிரிண்டரும் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் சர்வரில் இருக்கும். அதை எட்ட ஐபிஎக்ஸ் வேண்டும். பக்கத்து மேசைக் கணினியோடு கோப்பைப் பகிர, ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் பயன்படுத்திய நெட்பூயி. யூனிக்ஸ் கணினிகளுக்கும் பின்னால் வந்த இணையத்துக்கும் டிசிபி/ஐபி. மெக்கின்டாஷ்கள் இருந்த இடங்களில் ஆப்பிள்டாக்கும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் கணினியில் செருகியிருந்தது ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு.

இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. ஐபிஎக்ஸின் மூலம் ஜெராக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்என்எஸ். ஐபிஎம்முக்காக சைடெக் நிறுவனம் 1983-இல் அமைத்துக் கொடுத்த நெட்பயாஸிலிருந்து 1985-இல் நெட்பூயி கிளைத்தது. ஒரு சிறு துறையின் கணினிகளுக்கு அது மிக வேகமானது. ஆனால் அதன் முகவரி வெறும் பெயர்தான், எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்ற எண் அதில் இல்லை. ஆகவே ரவுட்டரைத் தாண்டி அது போக முடியாது. டிசிபி/ஐபியோ தொலைதூரத்து நெட்வொர்க்குகளை இணைக்கவென்றே உருவானது. ஆர்ப்பாநெட் தன் பழைய நெறிமுறையைக் கைவிட்டு அதற்கு மாறியது 1983 ஜனவரி 1 அன்று. நாள் குறித்து எல்லோரும் சேர்ந்து மாறும் அந்த வழி அலுவலகங்களுக்கு வாய்க்கவில்லை. கணக்குப் பிரிவு நெட்வேரை விட முடியாது. பொறியியல் பிரிவு யூனிக்ஸை விட முடியாது. பழையதையும் புதியதையும் பல ஆண்டுகள் ஒன்றாக ஓட்டுவதுதான் ஒரே வழி.

முதல் தடை டிரைவரில் இருந்தது. தொடக்க கால நெட்வேரில் ஐபிஎக்ஸ் நிரலும் கார்டை இயக்கும் டிரைவரும் ஒரே கோப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கார்டு வகைக்கும் அந்தக் கோப்பைத் தனியாக உருவாக்க வேண்டும். அது நினைவகத்தில் ஏறியதும் கார்டு முழுவதும் அதன் பிடிக்குள் போய்விடும். வேறு நெறிமுறைக்கு இடமில்லை. யூனிக்ஸ் கணினிக்குள் நுழைய வேண்டுமென்றால் வேறு தொடக்கக் கோப்புகளோடு கணினியை அணைத்து மீண்டும் எழுப்ப வேண்டும்.

விடுதலைக்கான வழி ஈதர்நெட்டிலேயே இருந்தது. கம்பியில் வரும் ஒவ்வொரு ஃபிரேமின் தலைப்பிலும் உள்ளே இருப்பது எந்த நெறிமுறை என்று சொல்லும் இரண்டு பைட் எண்ணை வைக்க இடமுண்டு. பதினாறடிமான முறையில் ஐபிக்கு 0800, ஐபிஎக்ஸுக்கு 8137. கார்டுக்கும் நெறிமுறைகளுக்கும் நடுவே ஒரு சிறு நிரல் அமர்ந்து, அந்த எண்ணைப் பார்த்து உரியவரிடம் ஒப்படைத்தால் போதும். 1980-களின் பிற்பகுதியில் எஃப்டிபி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட பாக்கெட் டிரைவர் விதிமுறை இதைச் செய்தது. பல்வேறு கார்டுகளுக்கான அத்தகைய டிரைவர்களை ரஸ்ஸல் நெல்சன் தொகுத்து இலவசமாக வழங்கியதால் பல்கலைக்கழகங்கள் பெரிதும் பயன்பெற்றன. பெரு நிறுவனங்களும் அதே காலத்தில் இதே தீர்வுக்கு வந்தன. நோவெலும் ஆப்பிளும் ஓடிஐ என்ற இடைமுகத்தைக் கொண்டுவந்தன. மைக்ரோசாஃப்ட்டும் 3காமும் என்டிஐஎஸ் என்பதை வகுத்தன. ஓடிஐயில் முதலில் இணைப்பு அடுக்கு, பிறகு கார்டின் டிரைவர், பிறகு நெறிமுறை என்ற வரிசையில் நிரல்கள் ஏறும். என்டிஐஎஸ்ஸில் எந்த நெறிமுறை எந்தக் கார்டோடு சேர்கிறது என்பதை ஓர் அமைப்புக் கோப்பு சொல்லும். அந்தச் சேர்க்கைக்குப் பைண்டிங் என்று பெயர். அலுவலக நெட்வொர்க்கின் வரலாற்றில் இந்த இரண்டுக்கும் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. நெறிமுறைகளின் போட்டியைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். அவற்றை ஒரே கணினியில் சேர்ந்து வாழவைத்த இந்த அடுக்கைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம்.

மூன்று இடைமுகங்கள் வந்ததும் அவற்றுக்கிடையே பாலம் தேவைப்பட்டது. ஓடிஐ டிரைவரின் மேல் என்டிஐஎஸ் நெறிமுறையை ஓட்ட ஒரு நிரல், பாக்கெட் டிரைவருக்கு எழுதப்பட்டதை ஓட்ட இன்னொன்று.

ஃபிரேம் வகை வேறொரு தொல்லை. ஐபி பயன்படுத்திய ஈதர்நெட் 2 வகையில் நெறிமுறை எண் இருக்கும் இடத்தில், 802.3 வகை ஃபிரேமின் நீளத்தை வைத்தது. நோவெல் அந்த நீளத்துக்கு அடுத்து வர வேண்டிய 802.2 தலைப்பைச் சேர்க்காமல் ஐபிஎக்ஸை நேரடியாக வைத்தது. 1993-இல் நெட்வேர் 3.12, 4.0 பதிப்புகள் 802.2 தலைப்போடு கூடிய வகையை இயல்பாக்கின. கணினி ஒரு வகையிலும் சர்வர் இன்னொரு வகையிலும் அமைந்துவிட்டால், கம்பி, கார்டு எல்லாம் சரியாக இருந்தும் சர்வர் கண்ணில் படாது. சர்வரில் இரண்டு வகைகளையும் இயக்கிச் சமாளிக்கலாம். ஆனால் ஒரே கம்பியில் இரண்டு ஐபிஎக்ஸ் நெட்வொர்க்குகள் உருவாகும். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை தன் சேவைகளை அறிவிப்பதும் இரண்டு முறை நடக்கும்.

எல்லாவற்றையும்விட நெருக்கியது நினைவகம். எம்எஸ்-டாஸில் வழக்கமான நிரல்களுக்குக் கிடைத்தது 640 கிலோபைட்தான். நெட்வொர்க்கின் ஒவ்வொரு அடுக்கும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். இரண்டாவது நெறிமுறையை ஏற்றிய பிறகு, எதற்காக நெட்வொர்க் போடப்பட்டதோ அந்தக் கணக்கு மென்பொருளே திறக்காமல் போகும். 1991-இல் வந்த டாஸ் 5, டிரைவர்களை 640 கிலோபைட்டுக்கு மேலிருந்த பகுதிக்கு நகர்த்த வழிசெய்தது. அங்கேயும் இடம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். எதை முதலில் ஏற்றுவது என்ற வரிசையை மாற்றி மாற்றிப் பார்ப்பது நிர்வாகிகளின் அன்றாட வேலையானது. 1993-இல் டாஸ் 6 அந்த வரிசையைத் தானே கணக்கிடும் மெம்மேக்கர் நிரலையும், தொடக்கத்திலேயே அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலையும் தந்தது.

விண்டோஸ் நெறிமுறைகளைத் தன் சொந்த 32-பிட் டிரைவர்களாக ஏற்கத் தொடங்கியதும் அந்த நெருக்கடி தீர்ந்தது. 1993 ஜனவரியில் வெளியான வின்சாக் 1.1, டிசிபி/ஐபி யாருடையதாக இருந்தாலும் ஒரே பயன்பாட்டு மென்பொருள் அதில் இயங்க வகைசெய்தது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, கார்டைக் கண்டதும் ஐபிஎக்ஸையும் நெட்பூயியையும் தானாக நிறுவியது. டிசிபி/ஐபியைப் பயனர் சேர்க்க வேண்டும். சேர்ப்பது எளிதானதும், தேவையோ இல்லையோ மூன்றும் கணினிகளில் குவிந்தன. நெட்வொர்க்கில் உள்ள கணினிகளின் பட்டியலை ஒவ்வொரு நெறிமுறையும் தனித்தனியாகத் தொகுத்ததால், இருக்கும் கணினி பட்டியலில் தெரியாமல் போவதும், தெரிந்தது திறக்கத் தாமதமாவதும் சகஜமாயின. வேண்டாத பைண்டிங்குகளை நீக்குவதே பெரும்பாலும் மருந்து. ஆயினும் இந்தக் குவியலில் ஒரு நன்மையும் இருந்தது. கோப்புப் பகிர்வை நெட்பூயியோடு மட்டும் பிணைத்து டிசிபி/ஐபியிலிருந்து பிரித்துவிட்டால், ரவுட்டரைத் தாண்ட முடியாத அதன் குறையே இணையத்திலிருந்து கோப்புகளைக் காத்தது.

1998-இல் நெட்வேர் 5 ஐபிஎக்ஸ் இல்லாமலே ஐபியில் இயங்கியது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி நெட்பூயியை வழக்கமான நிறுவலிலிருந்து நீக்கி, குறுந்தட்டின் ஒரு ஃபோல்டரில் மட்டும் வைத்தது. விஸ்டாவில் ஐபிஎக்ஸ் இடம்பெறவில்லை. 2009-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6 ஆப்பிள்டாக்கைக் கைவிட்டது. என்டிஐஎஸ் மட்டும் பல பதிப்புகள் கடந்து விண்டோஸில் நீடிக்கிறது. இப்போது அதே கார்டின் மேல் ஐபியின் 4, 6 என்ற இரண்டு பதிப்புகளையும் சேர்த்துத் தாங்குகிறது.