புனித கின்ஃபோர்: ஆராயாக் கொலையும் அன்னையர் வழிபாடும்

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே, குளங்கள் மிகுந்த தோம்ப் என்னும் நிலப்பகுதி உள்ளது. 13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எத்தியேன் த பூர்போன் என்னும் துறவி அங்கு மறையுரை ஆற்றினார். தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என வழங்கும் புனித தொமினிக்கின் சபையைச் சார்ந்தவர் அவர். சமயக் கோட்பாட்டுக்கு மாறானவற்றை விசாரிக்கும் பொறுப்பும் பெற்றிருந்தவர். அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த பெண்கள் பலர், தம் குழந்தைகளைப் புனித கின்ஃபோரிடம் கொண்டு சென்றதாகக் கூறினர். யாரோ ஓர் அடியார் போலும் என்றே துறவி முதலில் கருதினார். மேலும் வினவியபோதுதான் அப்புனிதர் மனிதர் அல்லர், ஒரு வேட்டை நாய் என்பது அவருக்குப் புலனாயிற்று.

அந்நாயின் வரலாற்றை அவரே இலத்தீன் மொழியில் எழுதி வைத்துள்ளார். வில்லார் பிரபுவின் நிலத்தில் ஒரு கோட்டை வீடு இருந்தது. ஒருநாள் தலைவனும் தலைவியும் செவிலியும் வெளியே சென்றிருந்த வேளையில், தொட்டிலில் கிடந்த ஆண்மகவை நோக்கிப் பெரும்பாம்பு ஒன்று வந்தது. காவல் இருந்த நாய் அதனோடு போரிட்டுக் கொன்றது. அப்போரில் தொட்டில் கவிழ்ந்தது. நாயின் வாயெல்லாம் குருதி படிந்தது. திரும்பி வந்த செவிலி அதைக் கண்டு அலறினாள், தாயும் அலறினாள், ஓடிவந்த தந்தை வாளை உருவி நாயை வெட்டி வீழ்த்தினான். அதன் பின்னரே குழந்தை ஊறின்றி உறங்குவதையும் பாம்பு துண்டுபட்டுக் கிடப்பதையும் கண்டனர். செய்த பிழைக்கு வருந்திய அவர்கள், நாயின் உடலை வாயிலின் முன்னிருந்த கிணற்றில் இட்டுக் கற்களைக் குவித்து, நினைவாக மரங்களை நட்டனர். காலப்போக்கில் அக்கோட்டை அழிந்தது, நிலம் பாழாயிற்று. ஆயினும் உழவர் அந்நாயை மறந்திலர். குற்றமின்றிக் கொலையுண்டதால் அதனை மறைச்சாட்சி எனப் போற்றினர்.

குழந்தையைக் காத்து உயிர்விட்ட நாய், குழந்தைகளின் நோய் தீர்க்கும் புனிதராயிற்று. மெலிந்து தேயும் குழந்தையோடு தாய்மார் அத்தோப்பிற்கு வருவர். சடங்கு அறிந்த முதியவள் ஒருத்தி வழிகாட்டுவாள். உப்பைக் காணிக்கையாக வைத்து, குழந்தையின் துணிகளைப் புதர்களில் தொங்கவிட்டு, மரத்தில் ஆணி அறைவர். இரு மரங்களுக்கு இடையே குழந்தையை ஒன்பது முறை கைமாற்றுவர். நோயுற்றது வனத்து ஆவிகளின் குழந்தை, அதனை அவை எடுத்துக்கொண்டு தம் நலமுள்ள குழந்தையைத் தர வேண்டும் என்பது அவர்தம் வேண்டுதல். பின்னர்க் குழந்தையை மரத்தடியில் வைக்கோல்மீது கிடத்தி, தலைமாட்டில் மெழுகுதிரிகளை ஏற்றி, அவை எரிந்து முடியும்வரை அகன்று நிற்பர். இறுதியில் சலரோன் ஆற்றில் ஒன்பது முறை முழுக்குவர். திரியின் தீயால் குழந்தைகள் இறந்ததும் உண்டு எனத் துறவி எழுதுகிறார். அவர் கொண்ட சினத்தில் நியாயம் இல்லை எனக் கூற இயலாது. ஆயின் மருத்துவம் எட்டாத குடிசையில், சாகும் குழந்தையை மடியில் வைத்திருந்தவளுக்கு வேறு எந்த வாயில் திறந்திருந்தது என்னும் கேள்வியும் எஞ்சுகிறது.

எத்தியேன் மக்களைக் கூட்டி அவ்வழிபாட்டைக் கண்டித்துரைத்தார். நாயின் எலும்புகளைத் தோண்டி எடுக்கச் செய்தார். தோப்பை வெட்டி, எலும்பையும் மரத்தையும் ஒருங்கே எரிக்கச் செய்தார். மீண்டும் அங்குக் கூடுவோரின் உடைமை பறிக்கப்படும் என நிலத்தலைவர்களைக் கொண்டு ஆணையும் பிறப்பித்தார். ஆயினும் 1879இல் வெசியேர் என்னும் ஆய்வாளர் அங்குச் சென்றபோது, புனித கின்ஃபோரின் பெயரால் வழங்கும் காட்டைக் கண்டார். ஆறு நூற்றாண்டுகள் கடந்தும் அப்பெயர் அழியவில்லை. 1979இல் வரலாற்றறிஞர் ழான் குளோத் சுமித் இவ்வழிபாட்டைத் தனிநூலாக ஆராய்ந்தார். இத்தாலியின் பவியா நகரில் கின்ஃபோர் என்னும் பெயருடைய மனிதப் புனிதர் ஒருவர் வணங்கப்பட்டதையும் அவர் ஆராய்ந்துள்ளார். நாயைப் புனிதராகத் திருச்சபை ஒருபோதும் ஏற்றதில்லை.

இக்கதை தமிழுக்குப் புதிதன்று. பஞ்சதந்திரத்தின் இறுதிப் பகுதியில் நாயின் இடத்தில் கீரி நிற்கிறது. கீழைநாட்டுக் கதைத் தொகுதிகள் பல மொழிகளின் வழியே மேற்கே பரவியபோது இக்கதையும் உடன் சென்றது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் பிரிகிறான். அவள் வடமொழி ஏட்டைக் கையிலேந்தி வணிகர் தெருவில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து, பாவம் தீரத் தானம் செய்வித்து, பிரிந்த கணவனையும் சேர்த்து வைக்கிறான்.

மூன்றிடத்தும் கொலை ஒன்றே. அதற்குப் பின் நிகழ்வதுதான் வேறு. பஞ்சதந்திரம் ஆராயாது செய்யற்க என அறிவுரை கூறி அமைகிறது. இளங்கோவடிகள் கொன்றவளின் துயரை நோக்குகிறார். அவளுக்குக் கழுவாய் தேடித் தருகிறார். தோம்ப் நாட்டு உழவரோ கொல்லப்பட்ட உயிரை நோக்கினர். தலைவனின் வாள் இழைத்த அநீதிக்கு அவர்கள் அளித்த ஈடே அவ்வழிபாடு. காவல் புரிந்தும் தண்டனை பெற்ற அவ்வுயிரிடம், பிழையின்றியே துன்புறும் தம் குழந்தையை ஒப்படைக்கலாம் என அத்தாய்மார் நம்பினர்.

அத்தாய்மாருள் ஒருத்தியின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் எழுத்தறியாதவர்கள். குற்றமெனக் கருதி எத்தியேன் கேட்டு எழுதிய சொற்களே அவர்களைப் பற்றிய பழஞ்சான்று. எலும்புகளை எரித்தவரின் ஏடு இல்லையேல், குழந்தையை ஏந்தி அத்தோப்பிற்கு நடந்த அப்பெண்களை இன்று எவரும் அறியார்.